பெரிய ஃபேன் வந்த ஞாயிறு

எங்கள் கம்ப்யூட்டரைப் போட்டால், மாவு அரைக்க ஆட்கள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள் என்று மாமா கிண்டலடிப்பார். உள்ளே சுற்றும் ஃபேன் அப்படி ஓர் இரைச்சல் போடும். அப்பா மஸ்கட்டில் இருந்தார். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோர வீட்டில் அம்மாவும் நானும்தான். ஞாயிறு மதியம் இன்டர்நெட்டில் மைக்கைப் பிடித்து அப்பாவோடு பேசுவோம். என் மார்க்கு, ஊர் மழை, அம்மாவின் இருமல் எல்லாம் அவருக்குக் கேட்கும். "எப்பப்பா வருவீங்க?" என்று நான் கேட்கும்போது மட்டும் ஃபேன் சத்தம் ஜாஸ்தியாகிவிடும். "இன்னாடா? ஒண்ணும் கேக்கல" என்பார்.

ஆகவே ஃபேன்தான் எனக்கு எதிரி. டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த, அம்மாவின் தம்பியான மாமாவை அரித்தெடுத்தேன். ஒரு ஞாயிறு காலை பெரிய ஃபேனோடு வந்தார்.

"சின்னது வேகமா சுத்துது, அதான் கத்துது. இது மெதுவா சுத்துனாலே போதும்."

தூசி தட்டி, பெட்டி அதிராமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டி ஸ்குரூவுக்கு அடியில் கொடுத்து மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார். சத்தமே இல்லை.

"செத்துடுச்சா மாமா?"

"உன்னவிட நல்லாத்தான் கீது, போடா."

சத்தம் போன பிறகுதான் வீடு எவ்வளவு காலி என்று காதுக்குத் தெரிந்தது. பெட்டியின் மூடியைக்கூடப் போடாமல் மாமா சாப்பிட உட்கார்ந்தார். அப்பா லைனில் வந்தார். நான் தொண்டையைச் செருமி, பேச்சுப் போட்டிக்காரன் மாதிரி கேட்டேன்.

"எப்பப்பா வருவீங்க?"

அவர் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. பிறகு, "இன்னிக்குப் பௌர்ணமியாடா? கிரிவலக் கூட்டம் ஒரே சத்தமா கீதே... கேக்கல."

ஜன்னல் வழியே பார்த்தேன். அன்று அமாவாசை. நடுரோட்டில் ஒரு நாய் நிம்மதியாகப் படுத்திருந்தது. அப்படியென்றால் மிச்சமிருந்த சத்தம் எது? திறந்த பெட்டிக்குள் கையை விட்டு, புது ஃபேனின் ஒயரைப் பிடுங்கினேன்.

"இப்பக் கேக்குதாப்பா?"

திரும்பத் திரும்பக் கேட்டேன். திரை அணைந்தது. பெட்டிக்குள்ளிருந்து அனல் அடித்தது. பதறிப்போய்ப் பனை விசிறியை எடுத்து, அம்மை கண்ட பிள்ளைக்கு வீசுவதுபோல் கம்ப்யூட்டருக்கு வீச ஆரம்பித்தேன். சோற்றுக் கையோடு ஓடிவந்தார் மாமா.

"எருமை! உள்ள இருக்குறதப் புடுங்கிட்டு வெளிய நின்னு விசிறுறியா?"

"இதைவிடப் பெரிய ஃபேன் இருக்குதா மாமா?" என்று அழுதேன். மாமா சிரிக்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

அம்மா என் கையிலிருந்த விசிறியை வாங்கிக்கொண்டாள். "அவருக்குக் கேட்டிருக்கும்டா" என்றாள்.

கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாரே. இந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.