படத்துக்குக் கீழே எழுதியது

டோர்த்தே இருபத்தாறு வருடம் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள். எந்தப் படமானாலும் தேதி, இடம், ஆள் என்று மூன்றையும் எழுதி வைக்காமல் அவளுக்கு மனம் ஆறாது. "கல்யாணத்துலகூட படத்துக்குப் பேர் எழுதிட்டுத்தான் கேக் வெட்டுனா," என்று அவள் கணவன் ஹோல்கர் கிண்டல் செய்வான்.

நவம்பரில் அவர்கள் மகன் யெப்பெ வேலைக்குப் போன மீன்பிடிப் படகு வடகடலில் மூழ்கியது. அவனோடு டூ என்ற இன்னொருவனும் போனான். டூவின் உடல் கரையொதுங்கியது. யெப்பெயின் உடல் கிடைக்கவில்லை. அவனுடைய கைப்பேசியும் கடலோடு போயிற்று; ஆனால் அதில் எடுத்த படங்கள் அவ்வப்போது வீட்டுக் கணினிக்கு வந்து சேர்ந்திருந்தன. நாலாயிரத்துச் சொச்சம்.

ஜனவரியில் டோர்த்தே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் எழுத ஆரம்பித்தாள். மீன் பெட்டிகள், பனி பிடித்த கயிறு, தூங்கி வழியும் டூ. ஒரு படத்தில், படகுக்குள் புகும் தண்ணீரை வெளியே இறைக்கும் துருப்பிடித்த பம்பு. அதன் கீழே யெப்பெயே எழுதியிருந்தான்: "மறுபடி நின்னுபோச்சு. மூணாவது தடவை. சித்தப்பாகிட்ட சொல்லியாச்சு."

படகு ஹோல்கரின் தம்பி வில்லியுடையது. படகு மூழ்கியதை விசாரித்தவர்களிடம் பம்பு நன்றாக ஓடியது என்றே வில்லி சொல்லியிருந்தான்.

ஹோல்கர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தான்.

"அழிச்சிடு."

"என்ன சொல்ற?"

"அவன் என் தம்பி, டோர்த்தே. இது வெளிய போனா அவன் கதை முடிஞ்சுது. யெப்பெ திரும்பி வரப்போறானா?"

அவள் அழிக்கவில்லை. ஹோல்கர் சொல்லி, மறுநாள் வில்லியே வந்தான். காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, பம்பைச் சரிபண்ண ஆள வரச் சொல்லித்தான் இருந்தேன். அந்த வாரம் மீன் அள்ள அள்ள வந்துச்சு. படகை நிறுத்த மனசு வரல."

"அதை அவங்ககிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்வேன்? என்கிட்ட ஏழு பேர் வேலை பாக்குறாங்க. நீங்க எழுத்துல குடுத்தா..."

"எழுதுனது நான் இல்ல வில்லி. அவன் எழுதுனான்."

வில்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மீது அவளுக்குக் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். யெப்பெக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

படத்துக்குத் தலைப்பு வைத்தாள்: "அக்டோபர் 19. இயந்திர அறை. தண்ணீர் இறைக்கும் பம்பு." மகன் எழுதிய வரியில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. அன்று மத்தியானமே விசாரணைக்கு அனுப்பினாள்.

கோடைக்குள் வில்லியின் உரிமம் போயிற்று. அவனுடைய மற்றப் படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. ரொட்டிக் கடையில் அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஹோல்கர் மாடி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். சாப்பிட மட்டும் இறங்கி வருவான், உருளைக்கிழங்குத் தட்டைத் தன் பக்கம் நகர்த்தச் சொல்வான், வேறு பேச்சில்லை.

மீதிப் படங்களில் அவளுக்குத் தெரியாத முகங்கள் நிறைய இருந்தன. ஆகஸ்டில் டூவின் மனைவி சன்னெ தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விசாரணையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்று பேரின் பெயரைச் சொன்னாள். நாலாவது படத்தில் டூ சிரித்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு முடியாதுக்கா. வியாழக்கிழமை வரேன்."

டோர்த்தே தலையாட்டிவிட்டு, அந்த மூன்று பெயர்களையும் தட்டச்சு செய்தாள்.