ரோபோவுக்கு நான் போட்ட மதிப்பெண்

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், தினமும் காலையில் ஓர் இரும்புக் கைக்கு வணக்கம் சொல்கிறேன். சத்தமாக இல்லை, மனசுக்குள்தான். கூடலூர்க்காரனான எனக்கு, பக்கத்தில் நிற்பவரிடம் முகம் கொடுக்காமல் வேலையைத் தொடங்க வராது. கம்பித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நிற்கும் அந்த ரோபோ, பதிலுக்கு ஒரு பல்சக்கரத்தை நீட்டும். ஆள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்று, முன்பெல்லாம் நானும் யோசிப் என்ற சக தொழிலாளியும் அதை வாங்கி, பிசிறு பார்த்துப் பெட்டியில் அடுக்குவோம்.

யோசிப் குரோஷியாக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் பேசியது ஜெர்மன் என்று நாங்கள் இருவர் மட்டுமே நம்பினோம். அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ரோபோவுக்கு முழங்காலே கிடையாது என்பதால் அது யாருக்காகவும் காத்திருக்காது. அவர் திரும்புவதற்குள் அடுத்த சக்கரம் வந்துவிடும். அவருடையதில் இரண்டு மூன்றை நான் என் பக்கம் இழுத்துக்கொள்வேன்.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் தாள்களோடு வந்தாள். ரோபோவோடு வேலை செய்வது எப்படி இருக்கிறதென்று ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். எல்லாருக்கும் ஒத்துப்போனால் இன்னொரு ரோபோ வரும், மேசைக்கு ஒரு ஆள் போதும் என்று பேச்சு அடிபட்டது. யோசிப் என் தோளைத் தட்டினார். “வேகம் அதிகம் என்று எழுது. நானும் எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னால் கேட்பார்கள்.” தலையாட்டினேன். நம் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கியதே இல்லை. அன்று எனக்கும்தான்.

பேனாவை எடுத்ததும் ஏலத்தோட்டம் வந்து நின்றது. படிப்பு ஏறாத வருடங்களில் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போனவன் நான். கூட வந்த பேச்சியக்காவுக்குக் கை வீங்கியிருக்கும். மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி காயை அவர் பையில் போட்டுவிட்டு நகர்வார்கள். கங்காணி வந்து, “இங்கன யாரு வேலையில மோசம்?” என்பார். “எல்லாரும் நல்லாத்தான் எடுக்குறாக” என்று பத்துக் குரல் எழும். ஒருமுறை நான் வாயைத் திறக்கப் போக, பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் தொடையில் கிள்ளினார். “ஏலே, கூட வேலை பாக்குறவகளப் பத்தி மேல போயிச் சொன்னியன்னா, நாளைக்கு ஒன்னய ஜீப்புல ஏத்த மாட்டோம்.”

ரோபோவும் கூட வேலை பார்ப்பதுதானே. வரிசையாக ஐந்து போட்டேன். குறைகள் என்ற இடத்தில், ‘இல்லை’.

நான்கு மாதத்தில் இரண்டாவது ரோபோ வந்தது. என் ஒரு தாளால்தான் வந்தது என்று நினைப்பது கர்வம். அந்தக் கர்வம் இன்னும் இறங்கவில்லை. மேசைக்கு ஒரு ஆள் என்றாகி, யோசிப்புக்கு வேலை போனது. கடைசி நாளில் அவர் கேட்டார்:

“நீ எத்தனை போட்டாய்?”

“ஐந்து.”

“ஏன்?”

ஏலக்காய்க்கு ஜெர்மனில் சொல் உண்டு, எனக்கும் தெரியும். பேச்சியக்காவின் கையை எப்படிச் சொல்வது? மறுபடியும் தலையாட்டினேன். அவர் கையுறைகளை மடித்து மேசையில் என் பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

போன மாதம் விடுப்பில் ஊருக்கு வந்தேன். பழைய தோட்டத்தை ஒருமுறை பார்க்கலாமென்று காலையில் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்த ஜீப்பில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து, ஒரு ஆள் அகலத்துக்கு இடம் உண்டாக்கினார்கள்.

“ஏறுங்கண்ணே. ஏன் அங்கனயே நிக்கிறீக?”

குனிந்து பார்த்தேன். ஜீப்புக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ரோட்டில் மஞ்சள் கோடு எதுவும் இல்லை.