ஏழாவது கன்னி நின்ற இடம்

பாக்கியம் டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, சலூன் நாற்காலியில் பாதி மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். மீதியை மழிக்கச் சொல்ல வாய் வரவில்லை. அப்படியே எழுந்து டீச்சர் ஊரான போடிக்குப் பஸ் ஏறினேன். டீச்சர் பார்த்திருந்தால் அந்த முகத்தைச் சும்மா விட்டிருக்க மாட்டார், வரைந்து வைத்திருப்பார்.

அவரிடம் ஓவியம் படித்தவர்களுக்கு, எழுபதுகளில் ஒரு சித்திரையில் தேனியில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள் அவர் செய்த வேலை மறந்திருக்காது. கன்னிமார் கதையை மேடையில் போடாமல், நம்மையே அதற்குள் நடக்க வைத்தார். செருப்பைக் கழற்றி உள்ளே போனால் காலடியில் ஈர மணல், தலைக்கு மேல் பஞ்சு மேகம், எங்கோ ஒளித்து வைத்த பானையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். சுவரெல்லாம் பழம்பாட்டு வரிகள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக்கூட்டிக்கொண்டே போய்த் தூணில் முட்டினேன். கடைசியில் ஏழு கன்னிமார், துணியும் பஞ்சுமாக, வரிசையாய் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கன்னிமாரைக் கண்டால் நாம் என்ன செய்வோம்? மகளோடு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகிற வழி, மடியில் சூடம் இருந்தது. ஏற்றிவிட்டேன். கும்பிட்டுக் கண் திறப்பதற்குள் கடைசிக் கன்னியின் பாவாடை எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் ஓடிவந்து அவளைத் தனியே இழுத்துப் போட்டு, மணலை வாரிக் கொட்டி அணைத்தார்.

"ஒரு பொறி விழுந்தாலும் பூட்டிருவேன்" என்று சொல்லித்தான் கிட்டங்கி முதலாளி இடம் தந்திருந்தார். புகையைப் பார்த்துப் பூட்டோடு வந்தார். மூன்று மாத உழைப்பு. சனங்கள் பார்க்க வந்து அன்றுதான் முதல் நாள்.

"யாரு பத்த வச்சது?"

"நான்தான்" என்றேன். பக்கத்தில் என் மகள் நின்றாள், பொய் சொல்ல வழியில்லை.

"அவுக கும்பிடத்தான் செஞ்சாக, முதலாளி. தீப்பெட்டிய வாசல்லயே வாங்கி வைக்காதது என் தப்பு. நாளையிலருந்து அதுக்கு ஒரு ஆள் போடுறேன்" என்றார் டீச்சர்.

"யாரப் போடுவீக?"

"இந்த அண்ணனத்தான். இப்ப இந்த ஊர்லயே நெருப்புக்கு ரொம்பப் பயந்த ஆளு இவுகதான்."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்துவிட்டார். பூட்டைத் தோளில் கிடந்த துண்டில் சுருட்டிக்கொண்டு திரும்பினார்.

எனக்குத்தான் கருகிய பொம்மையைப் பார்க்க முடியவில்லை. "விடியறதுக்குள்ள வேற ஒண்ணு செஞ்சிருவோம் டீச்சர், பஞ்சு நான் கொண்டாறேன்."

"நீங்க பஞ்சுப் பக்கமே வராதீக" என்றார். கரி படிந்த இடத்தைக் கூட்டிப் புது மணல் பரப்பினார். என் மகளைக் கூப்பிட்டு, "ஆத்தா, அங்கன போய் நில்லு" என்றார். ஆறு பஞ்சுக் கன்னிகளோடு அவளும் நின்றாள். டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"பொம்ம வேணாம்ணே. இந்த எடம் இப்படியே இருக்கட்டும்."

மறுநாளிலிருந்து மில் பெண்களும் களையெடுத்துவிட்டு வந்தவர்களும் ஏழாவது கன்னியாய் அங்கே ஒவ்வொருவராக நின்று பார்த்தார்கள். "நகருடி, நீ கன்னியா நின்னது போதும்" என்று வரிசையில் பின்னாலிருந்து கேலி. வாசலில் எனக்கும் கிடைத்தது: "சாமியவே கொளுத்துனவுககிட்டயா தீப்பெட்டியக் குடுக்கணும்?" கேட்டுக்கொண்டே கொடுத்தார்கள். விழா முடியும்வரை கிட்டங்கி திறந்தே இருந்தது.

என் கையால் கெட்டுப்போன காரியங்கள் அதற்குப் பிறகும் உண்டு. முன்பெல்லாம் ஒளித்து வைப்பேன். பிள்ளைகள் எதையாவது கெடுத்தால் கத்துவேன். இப்போது முதலில் இடத்தைக் கூட்டுகிறேன். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் பார்க்கிறேன். டீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.