கம்ப்யூட்டருக்கு வீசிய காற்று

இன்று அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறந்ததும் சூடேறிய தூசியின் வாசம் வந்தது. நினைவில் பழைய அரியலூர் வீட்டுக்கே போய்விட்டேன்.

ஒரு கோடையில் அக்கா எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பிராசஸரின் வேகத்தைக் கூட்டியிருந்தாள். சூடு தாங்காதென்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினோம். குவாரியிலிருந்து வெந்து வந்த அப்பா ஃபேனைத் தொடவில்லை.

"அதுக்கு வீசட்டும்மா. நான் பேப்பரால விசிறிக்கிறேன்."

தெருவெல்லாம், "எங்க வூட்டு கம்ப்யூட்டர்தான் ஊருலயே ஸ்பீடு" என்றார்.

மெமரி செட்டிங்கை அந்த வேகத்துக்கு ஏற்ப மாற்ற அக்காவுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆனது. இரண்டே நாளில் வேகத்தைப் பழையபடி குறைத்துவிட்டாள்.

அப்பாவிடம் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அந்தக் கோடை முழுக்க ஃபேன் கம்ப்யூட்டருக்கே வீசியது. பக்கத்தில் அப்பா பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.