கண் டாக்டரிடம் காப்பி அடித்தேன்

போன வாரம் ஒரு பரீட்சையில் காப்பி அடித்தேன். அறுபத்திரண்டு வயதில்!

நான்கு மாதம் முன்பு என் வலது கண்ணில் ஆபரேஷன். விழித்திரை மேல் படிந்திருந்த மெல்லிய சவ்வை உரித்து எடுத்தார்கள். சவ்வு போனது; விழித்திரையில் இருந்த வீக்கம் போகவில்லை. சொட்டு மருந்து, கண்ணில் ஊசி, ஸ்கேன், காத்திருப்பு... திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி ஏறி அலுத்துவிட்டது. வீக்கம் வற்றாவிட்டால் படிக்கிற பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எழுதிப் பிழைக்கிறவன் பயப்பட இது போதாதா?

அன்று பெஞ்சில் எனக்கு முன்னால் ஏழு பேர். ஒவ்வொருவராக ஒரு கண்ணை மூடிக்கொண்டு, போர்டில் உள்ள எழுத்துகளைச் சத்தமாகப் படித்தார்கள். ஏழு முறை கேட்டால் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது? என் முறை வந்ததும் ஐந்து வரியை மளமளவென்று ஒப்பித்தேன். "சூப்பர் சார்!" என்றார் நர்ஸ்.

ஏன் செய்தேன்? நமக்காக ஒருவர் பாடுபட்டால், 'சரியாகலை' என்று அவர் முகத்துக்கு நேரே எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள். மரியாதை! இது பாதிக் காரணம். மீதி — இன்னொரு ஊசிக்கு உடம்பில் தெம்பில்லை.

டாக்டர் ஸ்கேனையும் நர்ஸ் எழுதிய சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீக்கம் அப்படியேதான் இருக்கு. கண்ணுக்குள்ள ஸ்டீராய்டு இம்ப்ளான்ட் வைக்கலாம்னு நினைச்சேன். அரிசியை விடச் சின்னது, மாசக்கணக்குல கரையும். ஆனா இம்புட்டு நல்லாப் படிக்கிறீங்களே... இப்ப வேணாம்."

அப்பாடா என்றிருந்தது.

"இவரு பேச்சை நம்பாதீக டாக்டர்" என்றாள் கூட வந்திருந்த என் மனைவி. "காலையில என் நெத்திப் பொட்டு மூக்கு மேல இருக்குன்னாரு."

டாக்டர் வேறொரு அட்டையை நீட்டினார். இரண்டாவது வரியே நெளிந்தது.

"தெரியலை டாக்டர்."

அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை. அழுகை வந்துவிட்டது.

"நான் என்ன மார்க்கா போடுறேன் சார்?" என்றார் அவர்.

மறுநாளே இம்ப்ளான்ட் வைத்தாயிற்று. அந்த மருந்தால் கண் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க இன்னும் பல முறை பஸ் ஏற வேண்டும். எத்தனை வரி திரும்பும்? அவருக்கும் தெரியாது.

அன்று அறையை விட்டு வெளியே வந்தபோது, பெஞ்சில் இருந்த பேரையூர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"அண்ணே, கடைசி வரி என்னன்னு சொல்லிட்டுப் போங்கண்ணே."

"தெரியலைன்னு சொல்லுங்க" என்றேன். "உள்ள அதுக்குத்தான் வைத்தியம் இருக்கு."