மொன்றியல் பாதையில் நான் கடித்த கை

கனடாவில் நான் போகாத ஊரே இல்லை. சரி, பொய். போனது இரண்டே ஊர், ரொறன்ரோவும் மொன்றியலும், அதிலும் ரொறன்ரோவில் பார்த்தது விமான நிலையமும் மச்சான் வீட்டுக் கக்கூசும்தான், விமானச் சாப்பாடு அப்படி. பேய், ஆவி எதையும் நான் நம்பியதில்லை என்றால் அதையும் பொய் என்பீர்கள், ஆனால் அது சத்தியம். இலங்கையில் கல்பிட்டிப் பக்கம், எங்கள் ஆலங்குடாக் கரையில் இருட்டில் தனியாகப் படகு காத்தவன் நான். பயந்தது நாய்க்கு மட்டும்தான்.

யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து, மொன்றியலில் இருக்கிற அக்கா மகள் கல்யாணத்துக்கு எனக்கும் தம்பிக்கும் விசா கிடைத்தது. என் தம்பி ஜூட் வரவில்லை. டைனமைட் போட்டு மீன் பிடிக்கிற கூட்டம் ஒன்று இருந்தது, தலைவன் பெயர் மொட்டையன். அவர்கள் வெடியில் தம்பியின் வலை கிழிய, அவன் நேவியிடம் போய்ச் சொல்லிவிட்டான். அவனைக் கரையிலேயே புதைப்போம் என்று மொட்டையன் சொல்லி அனுப்பியிருந்தான்.

"நீயும் வாடா" என்றேன்.

"நான் வந்தா படகைக் கொளுத்திருவானுகள். நீ போண்ணே, கல்யாணச் சோறு எனக்கும் சேத்துத் தின்னு."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் கடலுக்கோ பயணமோ போகிறவனைப் பின்னால் இருந்து கூப்பிட மாட்டோம். உப்பை மறந்துவிட்டாய் என்று சொல்லக்கூட முன்னால் ஓடிப்போய்த்தான் சொல்வோம். யாராவது கூப்பிட்டாலும் போகிறவன் திரும்ப மாட்டான். திரும்பினால் கரையில் நிற்பவனுக்கு வருகிற கேடு போகிறவன் தலையில் விழுமாம். நான் சிரிப்பேன், ஆனால் திரும்பியதில்லை.

ரொறன்ரோவில் இறங்கிய மறுநாள் காலை மச்சான் என்னை மொன்றியல் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். மடியில் அக்காவுக்குக் கட்டா மீன் கருவாடு. பஸ்ஸின் சூட்டில் அது மணக்க மணக்க என்னைச் சுற்றி எல்லா ஸீட்டும் காலி, ராஜா மாதிரி கால் நீட்டிக்கொண்டேன். ஒருவர் மட்டும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், யாழ்ப்பாணத்து ஐயா. "கட்டாவோ தம்பி?" என்றார், கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

நடுப்பகலில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். நம்மூரில் அப்போது ராத்திரி. ஐயாவும் நானும் கோப்பியோடு பனியில் பஸ்ஸுக்கு நடக்கிறோம், பின்னால் "அண்ணே" என்று ஜூட்டின் குரல். நான் திரும்பவில்லை. மறுபடியும் "அண்ணே". பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது தடவை அவன் கூப்பிடவில்லை, அலறினான். திரும்பிவிட்டேன்.

ஒருவரும் இல்லை, வெறும் பனி. அடுத்த நொடி தோளில் விழுந்தது அடி. துடுப்பு அடி, அது எனக்குத் தெரியாதா, அப்பன் அடித்து வளர்த்தவன் நான். முட்டுக்கால் போட்டு விழுந்தேன். இரண்டாவது அடியில் புருவம் பிளந்து கண்ணுக்குள் இரத்தம் ஓடியது. விலாவில் மிதித்தார்கள், எலும்பு முறிகிற சத்தம் என் காதிலேயே கேட்டது. வாய்க்குள் மணல், நம்பினால் நம்புங்கள், பனி இல்லை, உப்பு மணல். மண்ணெண்ணெய் நாறுகிற ஒரு கை கழுத்தை நெரித்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் கடித்தேன். சதை கிழிந்து வாயெல்லாம் இரத்தம். கை விட்டது.

"தம்பி! ஆரப்பு உம்மை அடிச்சது?" ஐயா குனிந்து என்னைத் தூக்கினார்.

"நீங்க பாக்கலையா?"

"நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். ஒரு காகம்கூட இல்லையப்பு!"

தன் சால்வையால் என் தலையைக் கட்டி, மொன்றியல்வரை பிடித்துக்கொண்டே வந்தார். அக்கா என்னைப் பார்த்துக் கத்தக்கூட இல்லை, போனை நீட்டினாள். மறுபக்கம் ஜூட் அழுகிறான்.

"அண்ணே, அஞ்சாறு பேர் துடுப்போட வந்தானுகள். மணல்ல குப்புறத் தள்ளினானுகள். உன்னைத்தான் கத்திக் கூப்பிட்டேன். அதுக்குப் பிறகு ஒரு அடிகூட எனக்கு வலிக்கலை. கழுத்தை நெரிச்ச மொட்டையன் 'ஐயோ, கடிக்கிறான்'னு கத்திக்கிட்டு ஓடுறான். நான் கடிக்கலைண்ணே!"

"எனக்குப் பசிடா" என்றேன்.

திரும்பி வந்த பிறகு கல்பிட்டிச் சந்தையில் மொட்டையனைப் பார்த்தேன். மணிக்கட்டில் பல் தழும்பு. மேல்வரிசையில் நடுவில் ஒரு பல்லுக்கு இடம் விட்டிருந்தது. ஜூட்டுக்குப் பல் எல்லாம் வரிசையாக இருக்கிறது. முன்பல் இல்லாதவன் நான், தலவிலக் கோயில் திருவிழாவில் குடித்துவிட்டு ராட்டினத்திலிருந்து விழுந்ததில் போனது. மொட்டையன் தன் தழும்பைப் பார்த்தான், பிறகு என் வாயைப் பார்த்தான். அன்றிலிருந்து வெளியே போனால் நான் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறேன். அந்த ஐயாவை நான்...

இருங்கள், ஜூட் கூப்பிடுகிறான். உங்களுக்குக் கேட்டதுதானே? பின்னாலிருந்து, "அண்ணே" என்று? கேட்கவில்லையா?

அவன் காலையில் கடலுக்குப் போனவன். படகு இன்னும் கரைக்கு வரவில்லையே. கடலில் இருப்பவன் கரையில் இருப்பவனைக் கூப்பிட்டால் என்ன செய்வதென்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் கோப்பையைக் கொஞ்சம் பிடியுங்கள். மூன்றாவது தடவைவரை நான் காத்திருக்க மாட்டேன்.