நசியாத தேசிக்காய்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். நானும் என் தங்கையின் கணவனும் ஸ்காபரோவில் ஏற்றிய தளபாடங்களோடு வன்கூவருக்குப் போய்க்கொண்டிருந்தோம். ட்ரக்கை மாறி மாறி ஓட்டுவோம். குளிர்காலத்தில் ரொக்கி மலைகளைக் கடப்பது இருவருக்கும் அதுவே முதல் தடவை. தங்கைக்கு அப்போது நிறைமாதம். பிள்ளை பிறக்குமுன் வீடு திரும்பிவிட வேண்டும் என்பதுதான் மச்சானின் ஒரே நினைப்பு.

புறப்பட்ட காலையில், வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவின் தரிப்பிடத்தில், தங்கை சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்தாள். அவற்றின் மேல் ட்ரக்கை ஏற்றி நசித்த பிறகு, மிச்சத்தை ஒரு பையில் போட்டுத் தந்தாள்.

“இடையில ஏதும் புதுசாப் பூட்டினாலும் ஒண்டு வையுங்கோ. நசிஞ்சதைப் பாத்திட்டுத்தான் வெளிக்கிடோணும்.”

“தளபாடம் ஏத்திறமோ, தேசிக்காய் ஏத்திறமோ?” என்றேன் நான்.

மச்சான் பையை ட்ரக்கின் வெளிப்பெட்டிக்குள், பனிச் சங்கிலிகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில், பாரவண்டிகள் டயருக்குச் சங்கிலி பூட்டுவதற்கென்று ஓர் ஓரம் ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்குச் சங்கிலி இல்லாமல் அதற்கப்பால் போக முடியாது. நேரம் பிற்பகல்தான். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வானமும் தரையும் ஒரே வெள்ளை. முன்னால் நின்ற ட்ரக்குகள் ஒவ்வொன்றாக அந்த வெள்ளைக்குள் நுழைந்து, சத்தமில்லாமல் கரைந்தன.

ஒன்ராறியோவின் தட்டையான சாலைகளில் எங்களுக்குச் சங்கிலி தேவைப்பட்டதே இல்லை. பின் சில்லுகளின் மேல் அதைப் போர்த்து, கொளுக்கிகளை மாட்டி, இறுக்கினோம். குளிரில் விரல்கள் எங்களுடையவை போலவே இல்லை. சிறிது தூரம் ஓடியபின் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பாதையை மூடப்போகிறார்கள் என்று ட்ரக் ஓட்டுநர்களின் வானொலியில் பேச்சு அடிபட்டது. முதலில் மலையைக் கடப்போம் என்று முடிவெடுத்தோம்.

சங்கிலி புதிது. ஆகவே தேசிக்காய். அது கல்லாக உறைந்திருந்தது. மச்சான் அதைப் பின் சில்லின் முன்னால் வைத்துவிட்டு வந்து, ட்ரக்கை மெதுவாக உருட்டி, நிறுத்தி, கதவைத் திறந்தான்.

“எங்க போறாய்?”

“நசிஞ்சதோ எண்டு பாக்க.”

“இவ்வளவு பாரம் ஏறி நசியாமல் இருக்குமே? ஏறு மச்சான், றோட்டைப் பூட்டப்போறாங்கள்.”

“உன்ர தங்கச்சி கேட்டா நீயே மறுமொழி சொல்லுறது?”

போனவன் வரவில்லை. நானும் இறங்கினேன். தேசிக்காய் பனிக்குள் அமிழ்ந்து முழுதாகக் கிடந்தது. அத்தனை வெள்ளையில் அது ஒன்றுதான் பச்சை. மச்சான் அதைப் பார்க்கவில்லை. முழங்காலில் நின்று சில்லின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு கொளுக்கி கழன்று, சங்கிலியின் முனை பிரேக்கின் காற்றுக் குழாயை உரசியபடி தொங்கியது. ஓட்டத்தில் அது குழாயை அடித்து அறுத்திருக்கும். காற்றுப் போனால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்; இறக்கத்தில் சில்லுகள் இறுகியிருக்கும். அதன்பின் நாங்கள் போகும் இடத்தைப் பனிதான் தீர்மானித்திருக்கும்.

பின்னால் காத்திருந்த ட்ரக்கிலிருந்து தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் இறங்கி வந்தார். எதுவும் கேட்காமல் பனியில் மல்லாந்து கீழே நுழைந்தார். கொளுக்கியை மாட்டி, தன்னிடமிருந்த ரப்பர் பட்டி ஒன்றால் சங்கிலியை இழுத்துக் கட்டினார். எழும்போது தேசிக்காயைக் கண்டு, இது என்ன என்றார். மச்சான் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினான். அவர் சிரிக்கவில்லை. இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.

தன் சில்லின் முன்னால் வைத்து, உருட்டி, நிறுத்தி, அவரும் இறங்கிப் பார்த்தார். அதுவும் நசியவில்லை. குனிந்து தன் சங்கிலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, பின்னால் வரும்படி கையைக் காட்டி, எங்களைத் தாண்டி முன்னால் போனார்.

மலை முழுவதும் அவருடைய சிவப்பு விளக்குகள் எங்களுக்கு முன்னால் மிதந்துகொண்டே போயின. சங்கிலிகளின் ஒரே சீரான ஓசையைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை.

அடுத்த ஊரில் மச்சான் தொலைபேசியில் தங்கையை அழைத்தான். தேசிக்காய் நசிந்ததா என்றுதான் அவள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

“இல்லையப்பா, நசியேல்ல,” என்றான். “அதாலதான் இப்ப உன்னோட கதைச்சுக்கொண்டு நிக்கிறன்.”

மகள் பிறந்தபோது அவன் வீட்டில் இருந்தான்.

தேசிக்காயில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் தூரப் பயணங்களுக்கு முன் காரைச் சற்று உருட்டி நிறுத்தி, இறங்கிச் சில்லுகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வெள்ளைக்குள் கிடந்த பச்சை என் கண்ணில் படுகிறது.